மருதப்பன் கேட்டதும் சோமலதா சொன்னதும்

கூட்டம் நடந்தது சிங்கப்பூரின் தேக்காவில், ஒரு துணிக்கடையின் மாடி அறையில். இலங்கைப் போரில், இராணுவத்தில் இருந்த மகனைப் பறிகொடுத்த சிங்களத் தாய் சோமலதா பேச வந்திருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை. கொழும்பில் பிறந்து, கல்யாணமாகிச் சுவா சூ காங்கிற்கு வந்தவள் நான். இரு பக்கத்துத் தாய்மாரையும் ஒரே அறையில் உட்காரவைக்கப் பார்ப்பதால் இரு பக்கத்திலும் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.

ஏற்பாடு செய்த நிதீஷ் தங்கமான பையன். ஆனால் அமைதி என்றால் யாரும் முகம் சுளிக்காமல் வடை தின்றுவிட்டுப் போவது என்று நினைப்பவன்.

சோமலதா பேசி முடித்ததும் பின்வரிசையில் மருதப்பன் எழுந்தார். ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். வவுனியாவில் வாழ்க்கைப்பட்ட தன் அக்காவின் ஒரே மகன் அந்தப் போரில் காணாமல் போனான், உடல்கூடக் கிடைக்கவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தம்மா மகன் செத்தது நல்லதுதான்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க."

வடைத்தட்டை நீட்டிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார். நிதீஷ் என் காதருகே குனிந்தான். "பரீதாக்கா, அதைச் சொல்லாதீங்க லா. ஆறுதல் சொல்றார்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பொய்யைச் சொன்னால் சோமலதா கைகூப்பி நன்றி சொல்வார். அதைப் பார்த்து மருதப்பனுக்கு இன்னும் வயிறெரியும். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு எட்டாமலேயே இருவரும் வீடு போய்ச் சேருவார்கள். அதற்கு நான் எதற்கு?

"பொய் சொல்ல வேற ஆளைப் பாரு தம்பி" என்றேன். மருதப்பன் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னேன்.

சோமலதா மருதப்பனை நேராகப் பார்த்துப் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

"என் மகன்னு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து குடுத்தாங்க. சீல் வச்சிருந்தது. திறக்க விடலை. உள்ள யாருன்னு நான் பார்க்கலை. உங்க பிள்ளையாகூட இருக்கலாம். யாரா இருந்தாலும் ஒரு தாய் வேணுமேன்னு அந்தக் கல்லறையில பூ வச்சிட்டு வர்றேன்."

கூட்டத்தை முடித்துவிடலாம் என்று நிதீஷ் சைகை காட்டினான். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மருதப்பன் இன்னும் உட்காரவில்லை. முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்.

"அந்தக் கல்லறை எந்த ஊர்லன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன்.