பத்து நாள் குடுவை

ஆய்வுக்கூடத்துப் பெரிய தொட்டியில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. ஆபரேட்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கோ அந்த நுரையைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

"என்னமா வளருது பாருங்க! இவ்வளவு வேகமா நான் பார்த்ததே இல்ல," என்றார்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு மீட்டரைப் பாருங்க சார்," என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனுஷன் என்ன பண்ணுவார்? தப்பு செய்தவள் நான்.

தொட்டியில் வளர்ந்துகொண்டிருந்த பாக்டீரியா என் அண்ணி உருவாக்கியது. அண்ணன் மனைவிதான் இங்கே எனக்கு மேலதிகாரியும். தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. மாட்டுப்பாலில் அது அவ்வளவாகக் கிடைக்காது. குழந்தைகளின் பால்மாவில் அதைச் சேர்ப்பதற்காக, பாக்டீரியாவுக்குள் புது மரபணுவை நுழைத்து, சாதாரணப் பால் சர்க்கரையைக் கொடுத்தால் அந்தச் சர்க்கரையாக மாற்றித் தரும்படி செய்திருந்தார் அண்ணி. மூன்று வருட உழைப்பு. பெரிய தொட்டி ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது. இன்றைக்குச் சர்க்கரை வரவில்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

தொட்டியில் முதலில் விடுகிற கொஞ்சம் பாக்டீரியாவை விதை என்போம்; அதை வளர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் உறைபெட்டியில் பாக்டீரியாவை உறையவைத்திருக்கும் புதுக் குழாய் ஒன்றைத் திறந்து, அதிலிருந்துதான் வளர்க்க வேண்டும். அதற்கு ஒரு நாள் பிடிக்கும். முந்தாநாள் குழாயை எடுத்து வைக்க மறந்துபோனேன். மறந்தே போனேன், வேறென்ன சொல்ல? நேற்றுக் காலை ஞாபகம் வந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயிற்சிக்காகப் பத்து நாளாக மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டிருந்த குடுவை மேஜையில் இருந்தது. வீட்டில் நேற்றைய தயிரை விட்டுத்தானே தினமும் உறை ஊற்றுகிறேன், இதற்கு மட்டும் என்ன வந்தது என்று அதையே தொட்டியில் விட்டுவிட்டேன். பதிவேட்டில் 'புதுக் குழாய்' என்று எழுதினேன்.

சர்க்கரை செய்வது இந்த பாக்டீரியாவுக்குப் பெரிய சுமை. நாள்கணக்கில் வளரவிட்டால் சிலது புது மரபணுவை உதறிவிடும். அப்புறம் வேலை செய்யாமல் தின்று கொழுத்து, உழைப்பவற்றை முந்திக்கொண்டு பெருகும். இது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதானே செய்தேன், அதை நினைத்தால்தான் என்னையே அறையத் தோன்றியது.

"ஏன்டி முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?" அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

"பசிக்கல அண்ணி."

"எனக்கும்தான். நாலு மணிக்கு ரிசல்ட் வர்றவரைக்கும் தண்ணி கூட இறங்காது."

சொல்லித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் பாதி பாக்டீரியாவாவது வேலை செய்யாதா என்று ஒரு நப்பாசை.

நாலு மணிக்குச் சோதனைக் கருவியின் திரையில் கோடு ஊர்ந்தது. பால் சர்க்கரை இருக்குமிடத்தில் உயரமாக எழும்பியது. புதுச் சர்க்கரை வர வேண்டிய இடத்தில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அண்ணி மறுபடி மாதிரி எடுத்துப் பார்த்தார். அதே கோடு.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு இயக்குநருக்குப் போன் போட்டார்.

"சார், வரல சார்... இல்ல, தொட்டி மேல குறை இல்ல. சின்னக் குடுவையில நல்லா இருந்தது, பெரிசுல தாங்கல. நான் செஞ்சதே சரியில்ல சார். ஆமா... மூடிடலாம்."

"அண்ணி, நிறுத்துங்க!"

நான் போட்ட சத்தத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"உங்க மேல தப்பே இல்ல. நான் புதுக் குழாயைத் திறக்கல. பழைய குடுவையை ஊத்திட்டேன். பதிவேட்டுல பொய் எழுதினேன்."

போன் அண்ணியின் காதிலேயே இருந்தது. "எத்தனை நாள் குடுவை?"

"பத்து நாள்."

"பத்து நாளா?" பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அழுகையோடு சிரிப்பும் வந்தது அவருக்கு. "அப்போ என் பாக்டீரியாவுக்கு ஒண்ணும் ஆகல..." சட்டென்று போனில், "சார், விதைதான் தப்பு! இன்னொரு தடவை தொட்டி வேணும். இதோ, நேர்ல வரேன்," என்றார்.

கதவுவரை ஓடியவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தத் தடவை விதை யார் வளர்ப்பாங்கன்னு கேப்பாங்க. உன் பேரை என்னால சொல்ல முடியாதும்மா."

"சொல்லாதீங்க அண்ணி," என்று அவர் பக்கம் போய், என் கொத்திலிருந்து விதை அறைச் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.