ஐம்பது மீட்டர்

இறந்துபோன கணவனுக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு வேண்டும் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வந்து கேட்டாள் குமுதா.

வழக்கறிஞர் கிரிதரன் பேனாவோடு நிமிர்ந்தார். "செத்தவருக்கு எப்படிலா ஆர்டர் எடுக்கறது? யாரு கொண்டுபோய்க் கையில குடுப்பா? ஜனகா, நீ போறியா?"

ஜனகா மையத்தின் சமூகப் பணியாளர். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான். மாலை வகுப்பில் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்பதில்கூட அவளுக்குச் சந்தேகம்.

குமுதா கோர்வையாகத்தான் பேசினாள். கிஷன் அவளை அடித்தான். நீதிமன்றம் ஓராண்டுக்கு அவனை ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிறுத்தியது. அதற்குள் ஃபெடரல் ஹைவேயில், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிச் செத்துப்போனான்.

"அவரு சாகறப்போ ஆர்டர் இருந்துச்சு சார். அதனால செத்தப்புறமும் கீழ கேட்டுல, கார்ட் போஸ்ட்கிட்டயே நின்னாரு, ஹெல்மெட்டோட. ஒரு அடி கிட்ட வரல. போலீஸுன்னா அவ்வளவு பயம் அவருக்கு. போன மாசம் ஆர்டர் முடிஞ்சிருச்சு. இப்ப மாடி ஏறிட்டாரு."

கிரிதரன் பேனாவை மூடினார். "இத வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. மருமகளுக்குப் புத்தி சரியில்ல, பேத்திய என்கிட்ட குடுங்கன்னு உங்க மாமியார் கேஸ் போட்டிருக்காங்க. நீங்களே அவங்களுக்குச் சாட்சி சொல்ற மாதிரி இருக்கு."

வீடு குமுதாவின் ஆறு வயது மகள் வாணிக்குப் பாதுகாப்பானதா என்று நேரில் பார்த்து எழுத வேண்டியது ஜனகாவின் வேலை. அந்த அறிக்கை சரியாக அமைந்தால்தான் பிள்ளை தாயிடம் இருக்கும்.

கிள்ளானில் நாலாம் மாடி ஃப்ளாட். வெயில் கொளுத்திய பிற்பகலில் ஜனகா படியேறிப் போனாள். அரிசி இருந்தது. மருந்துகள் எட்டாத உயரத்தில் இருந்தன. ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டாள். வாணியின் செருப்புகள் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

"ஏம்மா, செருப்ப வெளிய வைக்கலாம்ல?"

"வெளிய வெச்சா அப்பா மிதிச்சு ஈரமாக்குறாரு, ஆன்டி."

ஜனகா அதை எழுதினாள். கோடு போட்டு அடித்தாள். மறுபடி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசல் கிரில் கதவில் தொங்கிய பூட்டு அசைந்தது. யாரோ உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் மெல்ல உயர்ந்தது. பிறகு டணாரென்று விழுந்தது. எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. வாசலில் உலர்ந்திருந்த சிமெண்டுத் தரையில் ஈரம் படர்ந்துகொண்டிருந்தது.

குமுதா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பார்த்தீங்கல்ல மிஸ்? நான் பைத்தியம் இல்லல்ல?"

எழுதினால் வாணி பாட்டியிடம் போய்விடுவாள். எழுதாவிட்டால் இந்தப் பூட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஜனகா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பழைய ஆர்டர் இருக்கா, அக்கா?"

"இருக்கு. அது செத்துப்போன ஆர்டர்தானே, மிஸ்?"

"அன்னிக்கு அவருக்கு யாரு படிச்சுக் காட்டுனது?"

"போலீஸ் பாலாய்ல சார்ஜன். படிக்கப் படிக்க இவரு மூஞ்சி வெளுத்துப்போச்சு."

ஜனகா தாளை வாங்கிக்கொண்டு கிரில்லுக்கு முன்னால் நின்றாள். எனக்கு இதற்கு அதிகாரம் இல்லை, கிரிதரன் சார் பார்த்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே, மலாயில் சத்தமாகப் படித்தாள். கிஷனின் பெயர், அடையாள அட்டை எண். ஐம்பது மீட்டர். நெருங்கக் கூடாதவர்கள்: குமுதா, வாணி. அந்த வரியை மறுபடி படித்தாள்.

தேதி வந்ததும் நின்றாள். தாளில் போன மாதம் இருந்தது. திரும்பி வாணியைப் பார்த்தாள். பிறகு, தாளைப் பார்த்தே படிப்பதுபோல், "பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும் வரை" என்றாள்.

பூட்டு மறுபடி உயரத் தொடங்கியிருந்தது. பாதியில் நின்றது. பிறகு சத்தமில்லாமல் தன் இடத்துக்கு இறங்கியது. தாழ்வாரத்தில் நனைந்த சப்பாத்துக் காலடிகளின் சத்தம் விலகிப்போனது; படியில் ஒவ்வொரு மாடியாக இறங்கியது.

வாணி ஜன்னலுக்கு ஓடினாள். "கார்ட் போஸ்ட்டுக்குப் போயிட்டாரும்மா!"

குமுதா தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இந்த மனுஷன் செத்தும் ஆர்டருக்குத்தான் அடங்குறாரு பாருங்க."

ஜனகா அறிக்கையின் கடைசி வரியை எழுதினாள்: வீடு பிள்ளைக்குப் பாதுகாப்பானது. இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பொய்யில்லை. கையெழுத்துப் போட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

கிரில்லைத் திறக்கச் சாவியோடு எழுந்த குமுதா, போகிற போக்கில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சாவி கையிலேயே நின்றுவிட்டது.

"மிஸ், உங்க பேரையும் அதுல சேர்த்துப் படிச்சீங்களா?"

"இல்லக்கா. என் பேரு எதுக்கு?"

"முன்னல்லாம் என்னையத்தான் பார்த்துக்கிட்டு நிப்பாரு. இப்ப நம்ம பிளாக் படிக்கட்டையே பார்த்துக்கிட்டிருக்காரு."

ஜனகா ஜன்னல் பக்கம் போகவில்லை. "வெளிய போக வேற வழி இருக்கா, அக்கா?"

"ஒரே கேட்டுதான், மிஸ்."