தந்தைக்குத் தந்தை அனுப்பிய மூக்குத்தூள்

நீலவேணி நூலகத்திலிருந்து இலண்டன் ஹரோவிலுள்ள வீட்டுக்குத் திரும்பியபோது வழக்கு விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வழங்கப்பட்டிருந்தது. குற்றவாளிதான் அங்கே இல்லை.

தீர்ப்பு வழங்கியவர் அவளுடைய தந்தை யோகேஸ்வரன். கணக்காய்வாளர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர், ஒழுங்கு, ஒழுங்கு என்று ஓயாது உச்சரிப்பவர். கிங்ஸ்பரியிலிருந்து வந்திருந்த அவருடைய தமையனார் தேவராசா பக்கத்தில் அமர்ந்து சாட்சி கூறிக்கொண்டிருந்தார். சாட்சியோடு நில்லாமல் கதைக்குக் கையும் காலும் வைத்துக்கொண்டுமிருந்தார்.

நடந்தது இதுதான். மறுநாள் நடைபெறவிருந்த பள்ளி ஆண்டு விழாவுக்கான பரிசுக் கிண்ணங்களைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தமையால் முன்கதவு தாழிடப்படாமல் இருந்தது. கன்னத்தெலும்பு உயர்ந்த, தோள் அகன்ற இளைஞன் ஒருவன் மணியையும் அடியாமல், கதவையும் தட்டாமல், சொந்த வீட்டுக்குள் நுழைபவனைப்போல் நுழைந்து சோபாவில் அமர்ந்தான். அமர்ந்து சிரித்தான். பின்பு கோட்டின் உட்புறத்திலிருந்து ஒரு பட்டுப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்த சிறிய கற்குப்பி ஒன்றை வலக்கையில் ஏந்தி, யோகேஸ்வரனை நோக்கி நீட்டினான்.

"உள்ளுக்குப் போதைத்தூள், பிள்ளை," என்றார் தேவராசா. "நான் என்ரை கண்ணாலை கண்டனான். முந்தி றோட்டுமுனையிலை நிண்டு வித்தவங்கள். இப்ப வீட்டுக்குள்ளை வந்து கதிரையிலை இருந்தெல்லோ விக்கிறாங்கள்."

அந்த வட்டாரத்தில் தமிழர் வீடுகளில் நகைத் திருட்டு மலிந்திருந்த காலம் அது. யோகேஸ்வரன் இளைஞனின் கழுத்துப்பட்டியைப் பற்றி வாசலுக்கு இழுத்துச் சென்று வெளியே தள்ளினார். குப்பி படியில் விழுந்து உருண்டது. அதைப் பொறுக்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

நீலவேணி கோட்டைக் கழற்றவில்லை. "அவன் ஒண்டும் கதைக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

"ஏதோ பாஷையிலை கதைச்சவன்," என்றார் தந்தை. பிறகு, உண்மையை மறைத்துப் பழகாதவராகையால், "உன்ரை பேரையும் சொன்னவன்," என்றார்.

"என்ரை பேரைச் சொன்னவனைத் தள்ளினனீங்கள்."

"தபாலிலை பேர் பாத்திருப்பான்," என்றார் தேவராசா.

நீலவேணிக்கு அது யாரென்று விளங்கிவிட்டது. பாத்பயர். மங்கோலியாவில் அவளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்த தோர்ஜின் மகன். ஆங்கிலம் பயில இலண்டனுக்கு வரப்போவதாகச் செய்தி அனுப்பியிருந்தான். என்று வருவான் என்று தெரிவிக்கவில்லை; தெரிவிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

முந்திய ஆண்டு அவள் படிப்பை இடைநிறுத்திவிட்டு மங்கோலியாவுக்குப் போயிருந்தாள். அர்ஹங்காய் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் ஊதியமின்றி ஆங்கிலம் கற்பிக்கும் தொண்டர் பணி. முதற்கிழமையே, மாணவி ஒருத்தியின் குடும்பத்தைக் காண, ஊருக்கு வெளியே புல்வெளியிலிருந்த கம்பளிக் கூடாரத்துக்குச் சென்றாள். நல்ல வளர்ப்புடைய தமிழ்ப் பெண்ணாகையால் மரக்கதவை மெல்லத் தட்டிவிட்டுக் காத்து நின்றாள். மீண்டும் தட்டினாள். மாணவியின் தாய் ஓயுன் கதவைத் திறந்துகொண்டு சீற்றத்தோடு வெளியே வந்து, அவளுடைய சட்டைக்கையைப் பற்றி உள்ளே இழுத்தாள். உப்பிட்ட பால் தேநீரைக் குடிக்கவைத்த பிறகுதான் மகள் வாயிலாக அந்தச் சீற்றத்துக்குக் காரணம் சொன்னாள். வந்தவரை உள்ளே விடாத வீடு என்று சந்தேகிப்பவர்தான் கதவைத் தட்டுவார். நாயைப் பிடிக்கச்சொல்லி ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடவேண்டும். அதுவே வீட்டாருக்குச் செய்யும் மதிப்பு.

அந்தக் குளிர்காலத்தில் நீலவேணிக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. பள்ளி விடுதியின் கொதிகலன் பழுதாகிக் கிடந்தது. ஓயுனின் கணவர் தோர்ஜ் அவளை ஆட்டுத்தோலில் சுற்றி மாகாண மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து தம் கூடாரத்துக்கே அழைத்து வந்தார். அடுப்புக்கு அருகிலிருந்த கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பாத்பயர் தரையில் படுத்தான். எப்போது போவாய் என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை. பிறந்தது முதல் மரக்கறி மட்டுமே உண்டவள் அங்கே ஆட்டிறைச்சிச் சாறு குடித்தாள். குடித்ததை வீட்டில் மறைக்கவுமில்லை. அதற்காக ஹரோவில் எழுந்த பூசல் வேறு கதை.

விடைபெறும்போது அவள் சொன்னாள்: "எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்." இலண்டன் தமிழர் ஒருவர்க்கொருவர் எத்தனை முறை அதைச் சொல்லிக்கொள்கிறார்கள்! சொல்பவரும் நம்புவதில்லை, கேட்பவரும் நம்புவதில்லை. தோர்ஜோ அதை வாக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இப்ப வெளிக்கிட்டு எங்கை போறாய்?" என்றார் தந்தை.

"வந்த ஆளைத் தேடப் போறன்."

தாய் அருள்நாயகி அடுக்களையிலிருந்து வந்து, இடியப்பமும் சொதியும் வைத்த பெட்டியொன்றை மகளின் கையில் திணித்தாள். பொடியன் பசியோடு போயிருப்பான் என்று மட்டும் சொன்னாள்.

பாத்பயர் தெருமுனையிலுள்ள பஸ் தரிப்பிடத்தில் அமர்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். சினமில்லை, பெருங்குழப்பந்தான் முகத்தில் இருந்தது. உன் தந்தைக்கு உடல்நலமில்லையா என்று மங்கோலிய மொழியில் விசாரித்தான். வணக்கமாக நீட்டிய மூக்குத்தூள் குப்பியைச் சுகமாயிருக்கும் மனிதன் தட்டிவிட்டதை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. பகைவரும் அதை வாங்கி முகர்ந்துவிட்டுத்தான் பகையைப் பேசத் தொடங்குவர்.

குப்பி அவனுடையதன்று. தோர்ஜின் தந்தை வைத்திருந்த குப்பி, பவள மூடியுள்ளது. எனக்காக அந்தப் பெண்ணின் தந்தையிடம் இதை நீட்டு, அவர் முகர்ந்த பின்பு திருப்பிக் கொண்டுவா என்று சொல்லித் தோர்ஜ் மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். படியில் விழுந்ததில் அதன் விளிம்பு சிதைந்திருந்தது.

ஆம், தந்தைக்குச் சுகமில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் எளிதாக முடிந்திருக்கும். பாத்பயர் இரங்கியிருப்பான், தோர்ஜும் மன்னித்திருப்பார். அந்தப் பொய் நீலவேணியின் நாவுநுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். தந்தை நலமாகவே இருக்கிறார் என்றும், செய்தது பிழை என்றும் சொன்னாள்.

அவன் குப்பியைத் துடைத்துப் பட்டுப்பைக்குள் வைத்தான். அப்படியானால் குப்பியை அவர் கையில் கொடுக்காமல் நாட்டுக்குத் திரும்ப இயலாது என்றான். தள்ளியவரே அழைக்காமல் அந்த வாசலை மிதிக்கவும் இயலாது என்றான். பிறகு, பெட்டியிலிருந்த இடியப்பத்தை மிச்சமின்றி உண்டான்.

வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தெருமுனைவரை வந்து அவனைக் கூப்பிடுங்கள். யோகேஸ்வரன் மறுத்தார். தெரியாமல் நடந்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்டார். பொடியனிடம் போய் நிற்பதற்கு உடன்படவில்லை.

"போன் பண்ணிப்போட்டு வரட்டும். தேத்தண்ணி குடுப்பம், கேக் குடுப்பம். மணியடிச்சு வந்தா ஆர் வேண்டாமெண்டது?"

"மணியடிக்க அவை உங்களுக்கு அந்நியமில்லை. உங்கடை மகளைத் தங்கடை பிள்ளையா வச்சிருந்தவை."

"அது அங்கத்தைப் பழக்கம். இது லண்டன்."

"அப்ப நாளைக்கு என்னத்துக்கு என்னை மேடையிலை ஏத்துறியள்?"

மறுநாள் விழாவில் நீலவேணி பேசவிருந்த பொருளைத் தேர்ந்தவர் தந்தையே: 'மங்கோலியரின் விருந்தோம்பல்'. அழைப்பிதழில் அது தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது.

"நாளைக்குக் கவனமாப் பேசு," என்றார் கடைசியாக.

"உள்ளதைப் பேசுவன்."

ஞாயிறு பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. கடவுள் வாழ்த்து முடிந்தது, விருந்தோம்பல்பற்றிய செய்யுள்களைச் சிறுவர்கள் பிழையின்றி ஒப்புவித்தார்கள், பெற்றோர் கைதட்டினார்கள். செய்யுளை ஒப்புவிப்பதற்குக் கைதட்டும் கூட்டம் அச்செய்யுளின்படி ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்குமா என்பதை எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. யோகேஸ்வரன் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு அமர்ந்திருந்தார். பாத்பயர் வெளியே வாகனத் தரிப்பிடத்தில் நின்றான். உள்ளே வா என்று நீலவேணி அழைத்தும் அவன் வரவில்லை.

அவள் கதவு தட்டிய கதையைச் சொன்னாள், சபை சிரித்தது. காய்ச்சலையும் ஆட்டுத்தோலையும் சொன்னாள், சபை நெகிழ்ந்தது. தந்தை இருபுறமும் திரும்பிப் பெருமையோடு தலையசைத்தார். அதன்பின் அவள் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தாள்.

"அந்த வீட்டு மகன் நேற்று ஹரோவில் ஒரு தமிழர் வீட்டுக்கு வந்தார். தம் தந்தையின் வணக்கத்தைக் கையில் ஏந்தி வந்தார். அவரைக் கழுத்தில் பிடித்து வெளியே தள்ளினார்கள். அந்த வீடு எங்கள் வீடு. தள்ளியவர் என் தந்தை."

தலைவர் நவரத்தினம் நேரமணியை அடித்தார். நீலவேணி ஒலிவாங்கியை விடவில்லை. மணியை இன்னும் பலமாக அடித்தார்.

"அடியுங்கள், ஐயா. மணி அடித்தால்தான் மனிதர் என்று எண்ணும் ஊர் இது."

பின்வரிசைகளில் எவரோ சிரித்தார்கள். தேவராசா எழுந்து, இது குடும்ப விசயம், பிள்ளையை இறக்குங்கள் என்று நவரத்தினத்தைப் பார்த்துக் கத்தினார். அப்போது யோகேஸ்வரன் எழுந்தார். முகம் கறுத்திருந்தது, குரல் தளரவில்லை.

"அண்ணை, இருங்கோ. ஓம், நான்தான் தள்ளினனான். அதிலை என்ன ஒளிப்பு? தெரியாத ஒருத்தன் வீட்டுக்குள்ளை வந்து குப்பியை நீட்டினா, இதிலை இருக்கிற ஆர் தள்ளாமல் விடுவியள்? கையை உயர்த்துங்கோ பாப்பம்."

ஒரு கையும் உயரவில்லை. வென்றுவிட்டவர்போல அவர் மகளைப் பார்த்தார்.

"ஆர் நீ எண்டு கேட்டிருக்கலாம், அப்பா," என்றாள் அவள். மேடைத்தமிழ் அவளை விட்டுப் போயிருந்தது. "அவ்வளவுதான். கேட்டிருக்கலாம்."

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அமர்ந்தார்.

நீலவேணி மேடையிலிருந்து இறங்கி, நடுப்பாதை வழியே, எவரையும் பாராமல் வெளியே சென்றாள். உள்ளே கும்மிப் பாட்டுத் தொடங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்று பாத்பயர் கேட்டான். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்றாள். அவன் திடுக்கிட்டான்; தந்தையைச் சபையில் வைத்துக் குற்றம் சொல்வது தன் நாட்டிலும் வழக்கமன்று என்றான். தெரியும் என்றாள். வருந்துகிறாயா என்றான். இல்லை என்றாள்.

கும்மி முடிவதற்கு முன்னர் மண்டபக் கதவு திறந்தது. யோகேஸ்வரன் ஒரு கையில் குடையும் மறுகையில் வேட்டித் தலைப்புமாக வந்தார். பின்னால் தேவராசா, போகாதே, கெட்டுப்போன பிள்ளைக்கு இடங்கொடாதே என்று இரைந்தபடியே வந்தார். யோகேஸ்வரன் இளைஞனுக்கு எதிரே நின்றார். அவனைவிடக் குள்ளமானவர், நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது.

"என்ன செய்யவேணும்?" என்று மகளிடம் கேட்டார்.

"வலக்கையாலை வாங்கவேணும். மூக்கிலை வைச்சு மணந்துபோட்டுத் திருப்பிக் குடுக்கவேணும்."

பாத்பயர் குப்பியை நீட்டினான். குடை வலக்கையில் இருந்தது. அதை அவர் தமையனிடம் நீட்டினார். தேவராசா வேறு வழியின்றிப் பிடித்தார். யோகேஸ்வரன் குப்பியை உள்ளங்கையில் வாங்கினார். சிதைந்த விளிம்பில் விரல் பட்டது. அங்கே சற்று நின்றது. பின்பு மூடியைத் தளர்த்தி மூக்கருகே கொண்டுபோய், பலமாகத் தும்மினார். பாத்பயர் தலைவணங்கி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"வீட்டை வரச்சொல்லு," என்றார், கண்ணைத் துடைத்தபடி. "ஆனா இனிமேல் மணியடிச்சுப்போட்டு வரவேணுமெண்டும் சொல்லு."

நீலவேணி முதற்பாதியை மட்டும் மொழிபெயர்த்தாள்.

"மற்றதைச் சொன்னியோ?"

"சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவரில் எவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. தேவராசாதான் பொறுமையிழந்து, மழையில் நனையாமல் காரில் ஏறுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே தாம் ஏற முன்னிருக்கைக் கதவைத் திறந்தார்.

"அண்ணை, நீங்கள் பின்னாலை இருங்கோ," என்றார் யோகேஸ்வரன். "முன்னுக்கு அவர் இருக்கட்டும்."