கடைசிப் பகுதியைப் பார்க்காத வீடுகள்

பறக்கும் பெண் ஒருத்தி ஊரைக் காப்பாற்றும் 'செஞ்சிறகு' தொடரை எங்கள் வீட்டில் ஆறு முறை பார்த்திருக்கிறோம். இருபத்து நான்கு பகுதிகளில் இருபத்து மூன்றை மட்டும்.

கடைசிப் பகுதி வெளியான அன்று நான் பிரசவ வார்டில் இருந்தேன். வாசலில் காத்திருந்த என் கணவர் மட்டும் அங்கிருந்த டிவியில் அதைப் பார்த்துவிட்டார். மகளைக் கையில் வாங்கியபோதும் அவர் முகத்தில் பாதிதான் சிரிப்பு.

"தொடர்ல என்ன ஆச்சுங்க அவளுக்கு?"

"அந்தரத்துல விட்டுட்டாங்க. அடுத்த வருஷம் மீதி வரும், சேர்த்துப் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷம் தொடரே நின்றுபோனது. மீதி வரும்வரை கடைசிப் பகுதியைத் தொடுவதில்லை என்று நானும் நிறுத்திக்கொண்டேன். அவளை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ எனக்கு மனம் வராது.

அவள் பறப்பதில் நான் மயங்கவில்லை. ஒருவரைக் காப்பாற்றச் சுவரை உடைத்தால், மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். "உங்க சுவரை நான்தான் உடைச்சேன். செங்கல் எங்க இருக்கு?" ஊரைக் காப்பாற்றிய கையில் கரணையும் சிமெண்டும்! அவளைப் போல் இன்னொருத்தியை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

என் பிடிவாதம் நாத்தனாருக்குத் தொற்றியது. பிறகு நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் எல்லாருக்கும். மொத்தம் பதினொரு வீடுகள், இருபத்து மூன்றோடு நிறுத்தும் வீடுகள்.

போன ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழும்போது செல்போனில் அறிவிப்பு வந்தது. தொடரை மறுபடி எடுக்கலாமா என்று நிறுவனம் யோசிக்கிறதாம். கடைசிவரை பார்த்து முடித்த வீடுகளை மட்டும் எண்ணி முடிவெடுப்பார்களாம். கெடு அன்று மாலை ஆறு மணி.

"ஆறு தடவை பார்த்த நம்ம வீடு கணக்குலயே இல்லையா?"

"இருக்கே," என்றார் அவர். "பிடிக்காம பாதியில எழுந்து போனவங்க கணக்குல."

கை கழுவிய ஈரத்தோடு ரிமோட்டை எடுத்துக் கடைசிப் பகுதியைப் போட்டேன்.

ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஒன்பது பேர். கேபிள் அறுகிறது. சிறகு கிழிந்தவள் ஒரு கையால் மேல்தளத்து விளிம்பையும் மறு கையால் லிஃப்ட் பக்கத்து அறுந்த முனையையும் பிடித்துத் தொங்குகிறாள். விளிம்பைப் பிடித்த உள்ளங்கை வழுக்குகிறது. லிஃப்ட்டும் அவளும் சேர்ந்து கீழே போக, திரை இருண்டுவிட்டது.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கனைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? ஒன்பது வருஷமா தொண்டையில நிக்குது."

"என்ன?"

"கேபிள் அறுந்தா லிஃப்ட் அப்படி விழாது. அடியில இருக்கற பிரேக் ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும். ரெண்டடி இறங்கி நின்னுடும். தினமும் அதைத்தானே நான் ரிப்பேர் பண்றேன்."

"அப்போ அவ?"

"கை எரியும். வேற ஒண்ணும் ஆகியிருக்காது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா, நீ பார்க்காத முடிவையும்ல சொல்லணும்?"

பிறந்தநாள் பரிசைக்கூட அரை நாள் ஒளித்துவைக்கத் தெரியாத மனிதர். எனக்காக ஒன்பது வருஷம் இதை மென்று விழுங்கியிருக்கிறார். அவர் தோளில் சாய ஆசையாக இருந்தது. நேரம்தான் இல்லை, நாத்தனாரை அழைத்துக் கடைசிப் பகுதியைப் பார்க்கச் சொன்னேன்.

"போடி, எனக்கு நெஞ்சு தாங்காது. செத்துட்டாளா?"

"சொல்ல மாட்டேன்க்கா. போட்டுப் பாருங்க. பேரெல்லாம் ஓடி முடியறவரை நிறுத்தக் கூடாது."

"உன் பேச்சைக் கேட்டுத்தானே நிறுத்தினேன்!"

"இப்பவும் என் பேச்சைத்தான் கேக்கச் சொல்றேன்."

இவர் செல்போனைப் பிடுங்கினார். "அக்கா, சண்டையை ஆறு மணிக்கு மேல வெச்சுக்கலாம். முதல்ல டிவிய போடு."

கிளினிக்காரர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அழைத்தோம். தூங்கிக்கொண்டிருந்த டாக்டரம்மாவைக்கூட விடவில்லை.

ஐந்தரைக்கு நாத்தனாரே கூப்பிட்டார். அழுததில் மூக்கடைத்த குரல்.

"என்னடி இப்படி விட்டுட்டாங்க? மீதி எப்போ வரும்?"

"அதுக்குத்தான்க்கா பார்க்கச் சொன்னேன்," என்றேன்.