ஏரிப்பக்கமிருந்து வந்த காற்று

ஓசூர்ப் பக்கத்துப் பேரிகையிலிருந்து கர்நாடக எல்லைக்குப் போகிற ரோட்டோரம் குருமூர்த்திக்கு ஒரு ரோஜா பாலிஹவுஸ் இருந்தது. இரும்புக் குழாய்களை வளைத்து நட்டு, மேலே வெள்ளை பிளாஸ்டிக் போர்த்திய பெரிய கூடாரம். தேனிப் பக்கத்திலிருந்து வந்த சத்யப்ரியா அங்கே பூ வெட்டித் தரம் பிரிக்கிற வேலை பார்த்தாள். அவள் புருஷன் பூபதிக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் பொழுது சாயும்வரை தூங்குவான். தோட்டத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டி, குருமூர்த்தி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த சிமெண்ட் ஷீட் லைன் வீடுகளில் ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள்.

அது மே மாதம். அன்று காலையிலிருந்தே இலை அசையவில்லை. வெக்கை போகட்டும் என்று பாலிஹவுஸின் பக்கத் திரைகளையெல்லாம் சுருட்டி மேலே ஏற்றியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெற்கே மேகம் கட்டியது. மழை மேகம் போல் கறுப்பாக இல்லை. அடிபட்டுக் கன்றிப்போன தோல் மாதிரி பச்சையும் ஊதாவுமாக இருந்தது. கூட வேலை செய்த வெங்கடம்மா உள்ளூர்க்காரி, வாய் ஓயாதவள். அவளே பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாட்டை அவிழ்த்துக் கட்டணும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் ஆலங்கட்டி விழுந்தது. விழுந்த வேகத்திலேயே நின்றது. கரண்ட் போனது.

குருமூர்த்தி ஷெட்டிலிருந்து ஓடி வந்தார். திரைகள் திறந்து கிடந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிவிடும். போன மாதம்தான் புது பிளாஸ்டிக் போர்த்தியிருந்தார். அவர் கைப்பிடியைச் சுற்றித் திரையை இறக்க, சத்யப்ரியா அடிக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் வந்து முளையில் கட்டுவார். இரண்டு திரைகள் அப்படி இறங்கின.

மூன்றாவதில் கயிற்றைப் பிடித்தபடி அவள் ஏரிப்பக்கம் பார்த்தாள். அக்கரையில் ஒரு தூண் நின்றது. கல்குவாரிப் புழுதி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அது நகர்ந்தது. அதற்குள் தென்னை மட்டையும் தகரமும் சுற்றிச் சுற்றி மேலே போயின. லோடு லாரி மேட்டில் ஏறத் திணறுவது போல ஒரே சத்தம், விடாமல் வந்தது. அது நேராக லைன் வீடுகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

ஒரு கையால் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூபதி எடுக்கவில்லை.

"அண்ணே, அது வீட்டுப் பக்கம் போகுது. அவரு தூங்குறாரு."

"கயிறப் புடிம்மா. இதோ, கட்டிடறேன்," என்றார் குருமூர்த்தி. கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருந்தது. அவர் ஏரியைப் பார்க்கவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் பிடித்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு ஓடினாள்.

தக்காளித் தோட்டத்து வரப்பில் மண் முகத்தில் அறைந்தது. காது அடைத்தது. அதற்குமேல் நிற்க முடியாமல் வாய்க்காலில் குப்புற விழுந்து, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். தூண் ஏரிக்கரை ஏறி, கடைசி வீட்டின் ஷீட்டுகளைச் சீட்டுக்கட்டு போல் உருவியது. அடுத்த வீட்டுக்கு வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சட்டென்று வடக்கே திரும்பி, தக்காளிக் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு, அவளுக்கு ஒரு வயல் தள்ளிப் போனது. அதன் அடிப்பாகம் ஒரு வைக்கோல் போர் அளவுதான் இருந்தது. எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

பூபதி லுங்கியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். சத்தத்தில் விழித்தவனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ஷீட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. கொடியில் அவள் காலையில் போட்ட சேலை கிளிப்போடு தொங்கியது. கூரை போன வீட்டில் ஆளில்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளைக் கூடாரம் இருந்த இடத்தில், அதுவரை அங்கிருந்து தெரிந்தே இராத பாறைக்குன்று தெரிந்தது.

அவர்கள் போனபோது குருமூர்த்தியின் மனைவி மணிமேகலை வெறுங்கையால் குழாய்களை இழுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. குருமூர்த்தி அடியில் கிடந்தார். வலது கால் திசை மாறிக் கிடந்தது. கயிறு மணிக்கட்டில் சுற்றி எலும்புவரை அறுத்திருந்தது. பூபதி தோள் கொடுத்துக் குழாயைத் தூக்க, பெண்கள் இருவரும் அவரை வெளியே இழுத்தார்கள். ரோட்டில் தைலமரங்கள் விழுந்து ஆம்புலன்ஸ் வர வழியில்லை. தக்காளி ஏற்றுகிற மினி லாரியில் படுக்கவைத்து, வேறு வழியாகச் சுற்றி ஓசூருக்குக் கொண்டு போனார்கள்.

மறுநாள் சுழல்காற்று போன தடம் தெளிவாகத் தெரிந்தது. ஏரியிலிருந்து குன்றுவரை இரண்டு டிராக்டர் போகிற அகலத்துக்குச் சிரைத்துவிட்டது போல ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே வாழை இலைகூடக் கிழியவில்லை. குன்றுப் பாறைகளில் பிளாஸ்டிக் கிழிசல்கள் தொங்கின. அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்தார்கள். சின்னதுதான், பெரிதாகியிருந்தால் ஊரே இருந்திருக்காது என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம்.

சத்யப்ரியா அடுத்த வாரம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். குருமூர்த்தி கட்டிலில் சாய்ந்திருந்தார். தோட்டத்தில் மிச்சம் என்ன என்று விசாரித்தார். பிறகு கேட்டார்.

"கயிறு திடீர்னு தளந்துச்சு. காத்து புடுங்கிச்சா, நீ விட்டியா?"

ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த மணிமேகலையின் கை நின்றது.

"நான்தான்ணே விட்டேன்."

அவர் கட்டுப்போட்ட மணிக்கட்டைப் பார்த்தார்.

"நீ விட்டப்ப நானும் விட்டிருக்கணும்," என்றார். "தளந்துச்சேன்னு கையில இன்னொரு சுத்து சுத்திக்கிட்டேன்."

மணிமேகலை நறுக்கிய துண்டுகளைத் தட்டில் வைத்து சத்யப்ரியா பக்கம் நகர்த்தினாள்.

வெளியே காற்று லேசாகக் கிளம்பி, வார்டு ஜன்னலின் கதவு ஒருமுறை ஆடியது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். வானம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க சத்யப்ரியா எழுந்து போனாள்.