கொப்பு கட்டாத இறக்கம்

வலது கை விரல்கள் மட்டும் நிமிரவே இல்லை. நூருல்லா வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒவ்வொரு கணுவாக நீவினான். சுண்டுவிரலை நேராக்கிவிட்டு அடுத்த விரலுக்குப் போனால், சுண்டுவிரல் மறுபடி மடங்கப் பார்த்தது.

"பலமா இழுக்காத தம்பி. உசுரு போன மையத்துக்கும் நோவும்," என்றார் குளிப்பாட்ட வந்திருந்த நாகூர் கனி லெப்பை. "நீவி விடு. தானா வழிக்கு வரும்."

பலகையில் கிடந்தது அவனுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன் ஜெய்னுதீன். நேற்று மத்தியானம் பெரார்கஞ்ச் இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்தவரைக் காட்டிலாகா லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். போலீஸ் காகித வேலையெல்லாம் முடிந்து, இப்போது லம்பா லைன் வீட்டு முற்றத்தில் குளிப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாக்கு மரத்துக்கும் வேலிக் கம்பத்துக்கும் நடுவே கட்டியிருந்த கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டிகளைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். வெளியே யாரோ சருகைக் கூட்டித் தள்ளும் சத்தம் கேட்டது. நூருல்லாவின் கை ஒரு கணம் நின்றது.

அந்த விரல்கள் எதையோ பிடித்தபடி மடங்கியிருந்தன. எதை என்று லெப்பைக்குத் தெரியாது. நூருல்லாவுக்குத் தெரியும். அவை பிரேக்கைப் பிடித்த விரல்கள்.

ஜெய்னுதீன் பன்னிரண்டு வருஷமாகச் சைக்கிளில் துணி விற்றவர். கேரியரில் ஆள் உயரத்துக்கு மூட்டை. புடவை, கைலி, மல் துணி, குழந்தைச் சட்டை. சனிக்கிழமை கிளம்பினால் கராச்சர்மாவில் தொடங்கி, கடல் கழியை ஒட்டி வளைந்து, படாக் மரக் காட்டுக்குள் ஏறி இறங்கி, பெரார்கஞ்ச் வரைக்கும் போவார். அட்டை கடித்த காலோடு திங்கட்கிழமை திரும்புவார். வழியில் இருந்த மேடு பள்ளத்துக்கெல்லாம் அவரே பேர் வைத்திருந்தார். குனிந்து தள்ளியே தீர வேண்டிய ஏற்றம் 'சலாம் மேடு'. முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும் ஏற்றம் 'மாமியார் பேச்சு'. பெரார்கஞ்சுக்கு முந்தைய பெரிய இறக்கத்துக்கு மட்டும் பேர் கிடையாது. "அதுக்குப் பேரு வெச்சா அது நம்மளப் பேரு சொல்லிக் கூப்பிடும்," என்பார்.

அந்த இறக்கத்துக்கு அவரிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. உச்சியில் இறங்கி, கை பருமனில் இலை அடர்ந்த கொப்பு ஒன்றை வெட்டுவார். மூட்டைக்கடியில் எப்போதும் சுருட்டி வைத்திருக்கும் தென்னங்கயிற்றால் அதைக் கேரியரில் கட்டுவார். சைக்கிள் இறங்கும்போது கொப்பு பின்னால் தரையைப் பிறாண்டிக்கொண்டு வரும். அவ்வளவு பாரத்தைப் பிரேக் மட்டும் பிடிக்காது, கொப்பு பிடிக்கும். அடிவாரத்தில் அதை அவிழ்த்து மண்டல் வீட்டு வேலியோரம் போட்டுவிட்டுப் போவார். மண்டல் வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். அவருடைய பெண்சாதி அதை வெட்டி அடுப்பெரிப்பாள். லம்பா லைன் இறக்கத்துக்கும் இதே ஏற்பாடுதான். திங்கட்கிழமை சாயங்காலம் சர்... சர்... என்று தெருமுனையில் கேட்டதும் அவர் மனைவி மெஹர்பானு தேயிலைத் தண்ணியை அடுப்பில் ஏற்றிவிடுவாள். தெருப் பிள்ளைகள், கொப்பு பாய் வந்தாச்சு என்று, "கொப்பு பாய் ஆ கயா," எனக் கத்திக்கொண்டு ஓடும்.

நூருல்லாவுக்கு அது வெட்கமாக இருக்கும். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவனிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. பதினைந்தாம் தேதி சுதந்திர தினப் போட்டி, ஊரைச் சுற்றி மேடும் பள்ளமுமாக எட்டு மைல். போன வருஷம் கடைசி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பயந்து காலை ஊன்றியதில் முதல் பரிசு போனது.

போன வாரம் மெட்ராஸ் கப்பலில் ஜெய்னுதீனுக்குப் பிரேக் கட்டைகள் வந்தன. நாலே நாலு. வெள்ளைப் பொடி உதிரும் செங்கல் நிற ரப்பர். வெள்ளிக்கிழமை, "இன்னைக்கே மாட்டி வெச்சிரு தம்பி," என்று அவன் கையில் கொடுத்துவிட்டுத் தொழப் போனார்.

நூருல்லா அவற்றைத் தன் சைக்கிளில் மாட்டினான். பதினைந்தாம் தேதி முடிந்ததும் கழற்றி மாட்டிவிடலாம், ஆறு நாள்தானே என்று நினைத்தான். நானாவின் தேய்ந்த கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்து, புதிதாகத் தெரிவதற்காக மச்சி மெஹர்பானுவின் முகப்பவுடரைக் கொஞ்சம் தடவிப் பழையபடி முடுக்கினான். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. தொழுதுவிட்டு வந்தவரிடம், "மாட்டியாச்சு நானா. இனிமே கொப்பு கிப்பு இழுத்துக்கிட்டு வராதீங்க, ஊரே சிரிக்குது," என்றான். அவர் பிரேக்கை ஒரு தரம் அழுத்தி, கட்டையைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய பொடியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மடங்கிய விரல்கள் ஒருவழியாக நேரானபோது லெப்பை உடலைச் சுற்றும் கபன் துணியை விரிக்கச் சொன்னார். நானாவின் மூட்டையிலிருந்தே எடுத்த மல் துணி.

வாசலில் ஆண்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விழுந்ததற்குக் காரணம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. புள்ளிமான் குறுக்கே பாய்ந்திருக்கிறது. மானை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அதற்குக் கொம்புகூட முளைத்துவிட்டது. நூருல்லாவும் அந்த மானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். நானா அவன் பேச்சை நம்பாமல் வழக்கம்போலக் கொப்பு கட்டியிருந்தால், விழுந்தது மானால்தான். கட்டாமல் இறங்கியிருந்தால் மானும் இல்லை ஒன்றும் இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். நேற்று ராத்திரி முழுக்கக் காதுக்குள் சர்... சர்... என்று ஏதோ இழுபட்டுக்கொண்டே இருந்தது. பயமாகவும் இருந்தது, விட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது. கட்டியிருக்கிறார், அதனால்தான் கேட்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

லாரியில் கூடவே வந்த மண்டல் வேலியோரம் குந்தியிருந்தார். நூருல்லா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தீவில் எல்லாரும் பேசும் ஹிந்தியில் கேட்டான். சைக்கிளுக்குப் பின்னால் கொப்பு இருந்ததா?

மண்டல் யோசித்தார். மழை பெய்துகொண்டிருந்தது, ரோடு முழுக்கக் கிளைகள்தான் கிடந்தன, ஆளைத் தூக்குவதா கிளையைப் பார்ப்பதா என்றார். பிறகு அவன் முதுகைத் தட்டி, "ஹிரன் ஹோகா, பாய்," என்றார். மானாகத்தான் இருக்கும்.

சுவரோரம் நானாவின் சைக்கிள் முன்சக்கரம் நெளிந்து சாய்ந்திருந்தது. கேரியரில் கயிறு இல்லை. அறுந்து எங்காவது விழுந்திருக்கும். அறுந்தது என்றால் கட்டியிருந்தார் என்றுதானே அர்த்தம். அந்த அளவுக்கு அவனுக்கு மூச்சு வந்தது.

முகம் பார்க்கப் பெண்களை அழைத்தார்கள். முற்றத்து மறைப்பை நூருல்லா அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மெஹர்பானு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தாள். கணவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். திரும்பியபோது அவள் கண் கொடிக்கயிற்றில் நின்றது.

"நேத்து காலைல கெளம்புறப்ப உங்க நானா கட்டிக் குடுத்தாங்க தம்பி," என்றாள். அழுது அழுது குரல் உள்ளே போயிருந்தது. "நூருல்லா புது பிரேக் போட்டுட்டான், இனி இந்தக் கயிறு எனக்கெதுக்கு, நீ துணி காயப்போட்டுக்கன்னாங்க. ரெண்டு வருஷமா கொடி கேட்டுக்கிட்டிருந்தேன்."

வேட்டியைப் பிடித்தபடி நூருல்லா அண்ணாந்து கயிற்றைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் தலைக்கு மேலேதான் அது கட்டியிருந்தது. குனிந்து குனிந்து அதற்கடியில்தான் தண்ணீர் எடுத்து வந்தான். மான் போன இடம் தெரியவில்லை. நானா அவனை நம்பியிருந்தார். நம்பாமல் போயிருக்கக் கூடாதா.

பெண்கள் உள்ளே போனதும் கயிற்றின் இரண்டு முடிச்சையும் பல்லால் கடித்து அவிழ்த்து, சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான்.

பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு வரிசை நின்றது. லெப்பை அவனை முன்னால் தள்ளினார். வாரிசு சொல்ல வேண்டிய வார்த்தை அது, இறந்தவர் சார்பில் கூடியிருக்கும் ஜமாஅத்திடம் பிழை பொறுக்கக் கேட்பது.

"எங்க நானா..." என்று தொடங்கினான். மறுபடி முதலிலிருந்து சொன்னான். "எங்க நானா உங்கள்ல யாருக்காச்சும் சொல்லால, செயலால நோவினை செஞ்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சோம்," என்றது கூட்டம்.

அவன் நகரவில்லை. நானாவுக்கு நோவினை செய்தவன் யாரிடம் கேட்பது என்பதற்கு அங்கே வார்த்தை இல்லை. துக்கம் என்று நினைத்து லெப்பை தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார்.

அடக்கம் செய்யும் கபுருஸ்தான் ஒரு சரிவில் இருந்தது. மண் தள்ளி முடித்ததும் லெப்பை, "தலமாட்டுல நட ஒரு பச்சக் கொப்பு ஒடிச்சிட்டு வா தம்பி," என்றார். நூருல்லா ஒருவரிடம் வெட்டுக்கத்தி வாங்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினான். போனவன் சீக்கிரம் வரவில்லை.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. சர்... சர்... என்று ஈர மண்ணில் இலை பிறாண்டும் சத்தம். குழியைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மண்டல் சட்டென்று மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்தை வாராவாரம் கேட்டவர் அவர்.

கை பருமனுள்ள முழுக் கொப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி, இடுப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு நூருல்லா சரிவில் இறங்கி வந்தான்.

"ஒரு சாண் போதுமேப்பா," என்றார் லெப்பை.

"இவ்வளவு இருந்தாத்தான் புடிக்கும்," என்றான்.

லெப்பைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நட முடியாததால் கபுரின் மேல் நீளவாக்கில் கிடத்தினார்கள். கயிற்றை அவன் அவிழ்க்கவில்லை. மண்டல் கயிற்றைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கணவனை இழந்தவள் பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவை மெஹர்பானு தொடங்கிவிட்டாள். அறை வாசலில் திரை போட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்துத் தரையில் பிழிந்த துணிகள் ஒரு வாளியில் இருந்தன. மேலாக இருந்தது நானாவின் நீலக் கைலி.

"கொடிக்கயிறு எங்க தம்பி?" என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

நூருல்லா முற்றத்துக்குப் போனான். சுவரோரத் தகரச் சார்ப்புக்குள் சாக்கு போட்டு மூடியிருந்த தன் சைக்கிளை வெளியே எடுத்தான். ஸ்பேனரால் ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஸ்பேனர் இரண்டு தரம் வழுக்கிக் கையைக் கிழித்தது.

"தம்பி?" என்றாள் அவள் மறுபடியும்.

அவன் வந்து திரைக்கு முன்னால், அவள் காலருகே, நாலு பிரேக் கட்டைகளையும் வரிசையாக வைத்தான். புத்தம் புதுசு. ரப்பரின் மேல் வெள்ளைப் பொடி இன்னும் போகவில்லை.

திரைக்குக் கீழே அந்தப் பாதங்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தன. வாளியிலிருந்த கைலியின் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.