செம்பு ஏறும் என்றவர்

நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள மின்சாமான் கடைக்காரருக்கு எந்த நிபுணரும் தேவைப்பட்டதில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே நாடி பிடித்துவிடுவார். புது மின்விசிறி விற்றால் ஜனங்கள் கையில் காசு புரள்கிறது; பழைய விசிறிக்குக் கண்டென்சர் மட்டும் விற்றால் எல்லாரும் முடிச்சை இறுக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் பொருளாதாரம்.

ஒருநாள் டிவியில் கோட்டுப் போட்ட ஒருவர் செம்பு விலை ஏறலாம் என்றார். கடைக்காரர் அதை 'ஏறும்' என்று திருத்தி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சரக்கோடு இலவசமாகக் கொடுத்துவந்தார். கொஞ்ச நாளில் செம்பு வயர் கட்டுக்கட்டாகப் போக ஆரம்பித்தது. ஊரெல்லாம் வீடு எழும்புகிறது, செம்பு ஏறியே தீரும் என்று முடிவுகட்டினார்.

பின்தெருக் குடோனை வாங்க எடுத்துவைத்த பணம் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் தம்பிக்கு, செம்பு, தங்கத்தையெல்லாம் காகிதத்திலேயே வாங்கி விற்கும் கமாடிட்டி தரகு அலுவலகத்தில் வேலை. அவன் மூலம் பாதிப் பணத்தைச் செம்பில் இறக்கினார்.

"குடோன்காரர் மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பாரு," என்றாள் பில் போட்டுக்கொண்டிருந்த மனைவி.

"அதுக்குள்ள பெயின்ட் அடிக்கிற காசும் சேந்து வந்துடும்."

"ஏறும்னு யாரு சொன்னா?"

"கடையே சொல்லுது. கண்ணு இருந்தா பாரு."

செம்பு ஒரு வாரம் ஏறியது. கடைக்காரர் நடையில்கூட ஒரு மிதப்பு வந்தது. பிறகு செம்பு இறங்கத் தொடங்கி, இறங்குவதிலேயே ருசி கண்டுவிட்டது.

மச்சினன் போன் செய்தான். "மாமா, வெல எறங்கினதுல நீங்க கட்டின மார்ஜின், அதான் ஈட்டுப் பணம், பத்தல. இன்னும் கொஞ்சம் போட்டாத்தான் நிக்க முடியும். சார்ட்டப் பாத்தா திரும்பும்னுதான் தோணுது."

"சார்ட்ட நீ வச்சுக்க மாப்ளே. என் கடையில வயர் போற போக்கு எனக்குப் போதும்," என்று மீதிப் பாதிக்கும் செக் எழுத உட்கார்ந்தார்.

தொகையை எழுதி முடிப்பதற்குள், தோளில் இரண்டு, கையில் இரண்டு வயர் கட்டுகளோடு வயர்மேன் உள்ளே வந்தான்.

"அண்ணே, இத எடுத்துக்குங்க. உறைகூடப் பிரிக்கல."

"ஏன், வேலைக்கு வாங்கினதுதானே?"

"வேலையா? நீங்க ஒண்ணு! ரெண்டு மாசமா ஈ ஓட்டறேன். புதுசா ஒரு வீட்டுக்குக்கூடக் கடைக்கால் எடுக்கல."

"அப்புறம் எதுக்குய்யா வாங்கின?"

"நீங்கதானேண்ணே ஏறும் ஏறும்னு உசுர வாங்கினீங்க! காண்ட்ராக்டர் அண்ணன் ஒரு வண்டி நெறைய வயர் வாங்கி வச்சிருக்காரு. அவரும் வந்துட்டே இருக்காரு."

மனைவி பில் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

கடைக்காரர் பேனாவை மூடினார். ஊரெல்லாம் வீடு எழும்பவில்லை. அவருடைய வாய்தான் எழும்பியிருந்தது. தான் கிளப்பிவிட்ட பேச்சு கல்லா வழியாகத் திரும்பி வர, அதையே சந்தையின் குரல் என்று நம்பியிருக்கிறார்.

மச்சினனைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் வித்துடு."

"மாமா, இப்ப வித்தா போட்டதுல முக்கால்வாசி போயிடும்."

"போகட்டும். வித்துடு."

திருப்பி எடுக்க மாட்டேன் என்று வயர்மேனிடம் சொல்ல முடியவில்லை. நாளைக்கு அவனும் எதிர்க்கடைக்குப் போய்விடுவான். அன்றைய விலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேரம் பேசி முடித்தார். சாயங்காலத்துக்குள் காண்ட்ராக்டரின் சரக்கும் வந்து இறங்கியது. வயர் கட்டுகள் நாற்காலிகளை விழுங்கி, படியேறி, விசிறிப் பெட்டிகளின் தலையில் உட்கார்ந்தன. மனைவியால் உடம்பை ஒருக்களித்துத்தான் கல்லாவுக்குள் நுழைய முடிந்தது.

"இப்பத்தாங்க நமக்கு நெஜமாவே குடோன் வேணும்," என்றாள்.

செம்பில் போனது போக மிஞ்சியதும் வயரைத் திருப்பி எடுத்ததில் கரைந்துவிட்டதால், வாங்கக் காசு இல்லை. மாசக் கடைசியில் கடைக்காரர் குடோன்காரரிடம் போய், வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். குடோன்காரர் தாராளமாகச் சம்மதித்தார். வாடகையில் மட்டும் அந்தத் தாராளத்தைக் காட்டவில்லை. சாவியை நீட்டிக்கொண்டே விசாரித்தார்:

"அது கெடக்கட்டும், செம்பு இப்ப ரொம்ப எறங்கியிருக்காமே. வாங்கிப் போடலாங்களா?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, "முன்பணம் எவ்வளவு?" என்றார்.